புளியங்காட்டு வீதியின் ஏற்றமும் வற்றமும்

திருச்செங்கோட்டு மலையின் சாயங்கால நிழல் வந்து முடிகிற இடத்தில் புளியங்காட்டு வீதி என்று ஒன்று உண்டு. நாற்பது வீடு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டீக்கடை, தண்ணீரே வராத ஆழ்துளைப் போர்க்குழி ஆறு. அந்த வீதிக்கும் கடலுக்கும் எந்தக் காலத்திலும் எந்தப் பேச்சுவார்த்தையும் இருந்ததில்லை. அங்கேதான், ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், அர்த்தநாரி தன் வீட்டு முன்னறையில் கடல் வைத்தார்.

அர்த்தநாரி ரிக் வண்டிக்காரர். இருபத்தேழு வருஷம் போர் போடுகிற லாரியோடு ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய், ஊர் பேர் தெரியாத காட்டிலெல்லாம் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். கம்ப்ரசர் சத்தத்தில் இரண்டு காதும் பாதிக்குப் பாதி போய்விட்டது. எத்தனை அடியில் ஈரம், எத்தனை அடியில் பாறை என்று வெளியே வருகிற தூளை விரலில் தேய்த்தே சொல்லிவிடுவார். ஆனால் சொந்த வீதியில் அவர் போட்ட மூன்று போரும் புகை. தண்ணீருக்குப் பதிலாக வெள்ளைத் தூள் மட்டும் பறந்தால் அதைப் புகை என்றுதான் அவர்கள் தொழிலில் சொல்வார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் தொள்ளாயிரம் அடி போயும் புகையாகவே போனதில் அவருக்கு மனசுக்குள் ஒரு குறை இருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, வீதியும் அவர் இல்லாதபோது மட்டுமே சொன்னது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி ருக்குமணிக்கு இரண்டு கிட்னியும் நின்றுபோயின. அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கியவர் மறுபடி ஏறவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடிவதற்கு முன்னாலேயே பஸ் பிடித்து ஈரோட்டுக்குப் போய், ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை அவள் ரத்தத்தை மெஷினில் கழுவிக்கொண்டு வருவார்கள். ஒரு நாளைக்கு அவளுக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். அதிலேதான் காப்பியும் மாத்திரையும். உப்பு கிடையாது. ஊரெல்லாம் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுத்தவன் வீட்டில் பெண்டாட்டிக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுகிறானே என்று டீக்கடை வையாபுரி ஒருமுறை சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்று ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்காமலே டீ கொடுத்தான்.

மெஷினில் படுத்திருக்கிற நாலு மணி நேரமும் ஒரு கையில் ஊசி. இன்னொரு கை சும்மா. அந்தக் கையில் போனை வைத்துக்கொண்டு ருக்குமணி எதை எதையோ பார்த்து, கடைசியில் யார் யாரோ வீட்டில் வைத்திருக்கிற கடல்தண்ணீர்த் தொட்டிகளில் வந்து நின்றாள். நல்லதண்ணீர் மீன் தொட்டியை அவள் மதிக்கவில்லை. பாறையும் மணலும் உயிரோடு இருக்கிற தொட்டிதான் வேண்டும்.

"குடிக்கத்தான் கூடாது. பாக்கறதுக்குமா டாக்டரு அளவு வச்சிருக்காரு?" என்றாள்.

அர்த்தநாரிக்கு முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் சரி என்றுவிட்டார். அவள் எதையும் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

தூத்துக்குடியில் ஜெபஸ்டின் என்று ஒருவன். கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்தெடுப்பது குற்றம் என்பதால், சிமெண்டும் சிப்பியும் குழைத்துக் கரையிலேயே பாறை செய்து, ஒரு வருஷம் கடலுக்குள் போட்டுவைத்து, அது பாசி பிடித்து, புழு பூச்சி குடியேறி, தான் சிமெண்டு என்பதையே மறந்தபிறகு எடுத்து விற்கிறவன். பத்துப் பாறையும் ஒரு மூட்டை மணலும் ஈரச் சாக்கில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் அனுப்பிவிட்டு, போனில் கத்தினான்.

"அண்ணாச்சி, மணல கழுவிராதிய. அதுல உயிரு இருக்கு. பாறைய மொதல்ல அடிக்கண்ணாடி மேலயே உக்கார வச்சிட்டு, பொறவு மணல போடுங்க. இல்லன்னா நண்டு தோண்டித் தோண்டி பாறை சரிஞ்சிரும். நாப்பது நாளைக்கு மீனே விடக்கூடாது. தண்ணி பழகணும் பாத்துக்கிடுங்க."

"எதுக்குப் பழகோணும்?"

"உங்க வீட்டுக்கு, அண்ணாச்சி."

நாலடித் தொட்டி வந்தது. சுத்திகரிப்பு மெஷினில் சொட்டுச் சொட்டாகப் பிடித்த இருநூறு லிட்டர் தண்ணீருக்கு ஏழு கிலோ கடலுப்புக் கலவை. அதை ருக்குமணிதான் சமையல் தராசில் பிரித்துப் பிரித்து நிறுத்துக் கரைத்தாள். இரண்டு வருஷமாக உப்பைத் தொடாத கை முழங்கைவரை உப்பில் இருந்தது. பாறைகளை அர்த்தநாரி அடுக்கினார். நீரோட்டத்துக்கு ஒரு மோட்டார் வைத்தார். மணலைத் தட்டில் வாரி மெதுவாக இறக்கினார். இறக்கியதும் தொட்டி மோர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் ஒன்றுமே தெரியவில்லை. வீட்டுக்குள் அவர்கள் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு வாடை, அழுகலும் இல்லாமல் மணமும் இல்லாமல், துணிமணி அரிசிப்பானை எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்தது. மூன்றாம் நாள் காலையில் தெளிந்தது. பாறைப் பொந்திலிருந்து ஏதோ ஒரு கடற்பூச்சியின் நூல் போன்ற கை வெளியே வந்து, எதையோ தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனதை ருக்குமணி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குத் தொட்டியில் தண்ணீர் நாலு விரல் குறைந்திருந்தது.

ஒழுகுகிறது என்று அர்த்தநாரி தொட்டிக்கு அடியில் படுத்து விரலால் தடவினார். தரை வறண்டிருந்தது. சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்தில் பாதி ஏறியிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் பழைய மட்டம். யாரும் ஊற்றவில்லை. அவர் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ரிக் வண்டியில் அடிக்கணக்கு எழுதுகிற பழைய நோட்டை எடுத்து மணியும் விரலும் எழுத ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறியது, இரண்டு தடவை இறங்கியது, தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தள்ளிப் போயிற்று. எழுத எழுத அவருக்குக் குழப்பம்தான் கூடியது. பூமிக்குள் தண்ணீர் எங்கே இருக்கும் என்று தெரிந்தவருக்கு, கண்ணெதிரே கண்ணாடிக்குள் இருக்கிற தண்ணீர் எங்கே போய்விட்டு வருகிறது என்று தெரியவில்லை.

அதற்குள் வீதி பேச ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பால்காரி கொளந்தாயி தன் தண்ணீர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வராத குறையாக வந்து, "ஏனுங்க, காலைல கழுத்து மட்டம் ரொப்பி மூடி வச்சனுங்க. மத்தியானம் பாத்தா இடுப்புல நிக்குது. இப்பப் பாத்தா மறுக்கா கழுத்துல நிக்குது. நான் யாரையின்னு திட்டறதுங்க?" என்றாள். மொட்டைமாடித் தொட்டி, நாய்க்கு வைத்த கிண்ணம், கோயில் தீர்த்தச் செம்பு, வையாபுரி கடைப் பாய்லர், எல்லாம் ஒரே மட்டத்துக்கு ஏறி ஒரே மட்டத்துக்கு இறங்கின. டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினால் அந்தப் பக்கம் எதுவும் இல்லை. ஆனால் வீதித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மில்லுக்குப் போனால், அது மில்லிலும் ஏறி இறங்கியது.

அர்த்தநாரி நோட்டைப் பார்த்து மணிகளைப் போனில் வாசித்தபோது ஜெபஸ்டினுக்கு ஆச்சரியமே வரவில்லை.

"அது எங்க ஊரு கடலோட ஏத்தம் வத்தம் நேரம்லா, அண்ணாச்சி. நிமிஷம் தப்பல. ஒரு வருஷம் அந்தக் கல்லு கடலுக்குள்ள கெடந்துச்சு. புது வீட்டுக்கு வந்தா ஒரு மனுசன் அவன் எந்திரிக்கிற நேரத்துக்குத்தான எந்திரிப்பான்?"

ஏற்றம், வற்றம் என்று இரண்டு சொல் இப்படித்தான் வீதிக்கு வந்தன. வந்த ஒரே வாரத்தில் நூறு வருஷம் இருந்த சொற்கள் மாதிரி ஆகிவிட்டன. வையாபுரி தன் கடைப் பலகையில் வடைக்குக் கீழே அன்றைய ஏற்ற நேரத்தை எழுதினான். அந்த நேரத்தில் அதே பாலுக்கும் தண்ணீருக்கும் ஆறு டம்ளர் டீ கூடுதலாக வந்தது, டீ சற்றே நீர்த்திருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கொளந்தாயிக்கும் பால் வாங்குகிறவர்களுக்கும் மூன்று நாள் சண்டை. அவள் ஏற்றத்தில் அளப்பேன் என்றாள், அவர்கள் வற்றத்தில் அள என்றார்கள். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கிற பத்து நிமிஷத்தில் அளப்பது என்று முடிவாகி, அந்தப் பத்து நிமிஷம் வீதியே செம்போடு நின்றது. சாம்பார் வைத்தவர்கள் வற்றத்தில் இறக்கினார்கள். துணி துவைப்பவர்கள் ஏற்றத்துக்குக் காத்திருந்தார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அரை நாள் உட்கார்ந்து அளந்து, 'வெயிலின் காரணமாக' என்று எழுதிக்கொண்டு போனார்.

மனிதர்களையும் அது விடவில்லை. எல்லோரும் ஏற்றம் தணிந்த கையோடு கக்கூசுக்கு ஓடினார்கள், அதோடு அவர்களுக்குத் தீர்ந்தது. கடைசி வீட்டுத் தறிக்காரர் ஒருவர் விடிகாலையில் இறந்துபோனார், அப்போது வற்றம். வீட்டுப் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து என்னென்னவோ நினைத்துப் பார்த்தும் கண்ணில் ஒரு பொட்டு வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு ஈரம் கட்டியது. பன்னிரண்டு மணிக்கு வீதியே கதறியது. அந்த மனிதரோடு பதினைந்து வருஷம் பேச்சில்லாத வையாபுரியும் கடையில் நின்றபடியே விக்கி விக்கி அழுது, ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் அடுப்பை அணைத்தான்.

ருக்குமணிக்குத்தான் ஏறுகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஈரோட்டில், மெஷின் பார்க்கிற பெண் நஸ்ரின் அவளை எடை மெஷினில் ஏற்றினாள். உடம்பில் மிச்சத் தண்ணீர் எதுவும் இல்லாதபோது ருக்குமணியின் எடை நாற்பத்தாறு கிலோ. இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு எப்போதும் மூன்று கிலோ கூடித்தான் வருவாள். அன்றைக்கு நாற்பத்தைந்து காட்டியது.

"ஆன்ட்டி, ஏதாச்சும் வாந்தி, பேதி?"

"இல்ல கண்ணு. நல்லா இருக்கேன். இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்தோம்."

வாஸ்தவம்தான். கால் வீக்கம் இல்லை, மூச்சு வாங்கவில்லை. கொலுசு கணுக்காலில் தளர்ந்து ஆடியது. ஆனால் மெஷினில் போட்டு, நேரம் ஆக ஆக, மெஷின் தண்ணீரை இழுக்க இழுக்க அவள் எடை ஏறியது. பதினொரு மணிக்கு நாற்பத்தேழரை. நஸ்ரின் மெஷினைத் தட்டினாள், தராசை மாற்றினாள், தானே ஏறி நின்று பார்த்தாள். டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்து, நஸ்ரினைப் பார்த்து, மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "இன்னிக்குப் போகட்டும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் ருக்குமணிதான் பேச்சை எடுத்தாள்.

"எனக்குள்ளயும் ஏறி எறங்குதுங்க. காலைல பழைய ருக்குமணியாட்ட இருந்தேன். இப்பப் பாருங்க, கால் கனக்குது."

"அப்ப அந்தக் கல்லத் தூக்கிப் போட்டர்றேன்."

"போட்டா அந்தக் காலை நேரமும் போயிருமல்லோ."

அது நல்லதா கெட்டதா என்று அவருக்கு விளங்கவில்லை. வற்றத்தில் அவள் மாடிப்படி ஏறினாள், கோலம் போட்டாள், சிரித்தாள். ஏற்றத்தில் மூன்று தலையணையில் சாய்ந்து வாய் திறந்து மூச்சுவிட்டாள். ஒரே நாளில் இரண்டு தடவை அவருக்கு மனைவி திரும்பக் கிடைத்தாள், இரண்டு தடவை கையை விட்டுப் போனாள். அவர் நோட்டில் தொட்டியின் விரல்கணக்குக்குப் பக்கத்தில் அவள் கிலோக்கணக்கையும் எழுதினார். இரண்டும் ஒன்றாகவே போயின. எதற்கு எழுதுகிறோம் என்று மட்டும் தெரியவில்லை.

தொட்டி வைத்த பன்னிரண்டாம் நாள் தை அமாவாசை. கடலில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வீதியின் தொட்டிகள் எல்லாம் வழிந்து, சாக்கடை வாசலேறியபோது, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துப் போர்க்குழியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொள்ளாயிரம் அடி போயும் வெறும் தூளாக இருந்த குழி, குடித்து முடித்த குழந்தை மாதிரி ஏப்பம் விட்டு, விளிம்புவரை தண்ணீரை ஏற்றியது. கொளந்தாயி முதல் செம்பை மொண்டு குடித்துவிட்டு, "உப்பு இல்லீங்க! இளநியாட்ட இருக்குதுங்க!" என்று கத்தினாள். வீதியே குடத்தோடு ஓடியது. அர்த்தநாரியும் ஓடினார். புகையாகப் போன தன் போரில் ஏறிய தண்ணீரைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். அந்தத் தண்ணீரைக் காட்டலாம் என்று ருக்குமணியைக் கூப்பிட வீட்டுக்குள் வந்தபோது, அவள் கட்டிலிலிருந்து பாதி சரிந்து, உதடு நீலமாகி, வாயோரம் நுரை கட்டிக் கிடந்தாள். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஈரோட்டில் இரண்டு நாள் அவளுக்கு விடாமல் தண்ணீரை எடுத்தார்கள். பிழைத்து வந்தாள். வந்ததும் முகம் கழுவி, நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாறைமேல் பழுப்புப் பாசி படர்ந்திருந்தது.

இன்னும் பதிமூன்று நாளில் பௌர்ணமி. அதற்குள் பாறையை எடுத்துவிட வேண்டும் என்பதில் அர்த்தநாரிக்குச் சந்தேகமே இல்லை. ஜெபஸ்டினிடம் சொன்னார்.

"எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. கடல்லயே கொண்டு போட்டுருதேன். ஆனா எந்த மட்டத்துல தண்ணி நிக்கும்போது எடுக்கியளோ, அந்த மட்டத்துலயே உங்க வீதி நின்னுரும்னு எனக்குத் தோணுது. ஏத்தத்துல எடுத்தா ஏத்தம், வத்தத்துல எடுத்தா வத்தம். நிச்சயமாச் சொல்ல முடியாது. இதுவரைக்கும் யாருக்கும் இப்படி ஆனதில்ல."

இது டீக்கடைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு சாயங்காலம் நாற்பது வீடும் வையாபுரி கடை முன்னால் கூடியது. ஒன்பது நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் பார்க்கிற வீதி அது. பெரிய ஏற்றத்தில் எடுத்தால் போர் என்றைக்கும் நிறைந்தே நிற்கும். வற்றத்தில் எடுத்தால் இருக்கிற தொட்டியும் என்றைக்கும் அரைத்தொட்டிதான். யாரும் ருக்குமணி பேரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள்.

கொளந்தாயிதான் உடைத்துச் சொன்னாள். "எனக்கு நாலு மாடு. மூணு மைல் போய் தண்ணி எடுத்து எடுத்து என்ற இடுப்பு போச்சு. ருக்கு என்ற கூடப் பொறக்காத பொறப்பு. அதுக்காவ, வந்த தண்ணிய வேண்டாங்கறதுக்கு எனக்கு வாய் வர்லீங்க."

"என்ற பெண்டாட்டி சாகோணுமா?" என்றார் அர்த்தநாரி. காது மந்தம் என்பதால் எப்போதுமே உரக்கப் பேசுவார். இதை மட்டும் மெதுவாகக் கேட்டார்.

வையாபுரி காலி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தான். அப்போது வற்றம், ருக்குமணி நடந்தே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பத்துக் கல்லு இருக்குது," என்றாள். "அஞ்சை வத்தத்துல எடுக்கலாம், அஞ்சை ஏத்தத்துல எடுக்கலாம். நடுவால எங்கயாச்சும் நிக்கட்டும். நான் கொஞ்சம் வீங்கிக்கறேன், நீங்க கொஞ்சம் காஞ்சுக்குங்க." பிறகு கணவரைப் பார்த்து, "பேரே அர்த்தநாரி. பாதிப் பாதிக்கு உங்களுக்கு என்னங்க கூச்சம்?" என்றாள்.

பாதி எடுத்தால் பாதியில் நிற்குமா, அல்லது மொத்தமும் கெட்டுப்போகுமா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வியாழக்கிழமை. ஜெபஸ்டின் வேனில் இரண்டு டிரம்மில் கடல்தண்ணீரோடு வந்துவிட்டான். மெலிந்த, தலையில் துண்டு கட்டிய ஆள். தொட்டியைக் குனிந்து பார்த்து, "நல்லாத்தான வச்சிருக்கிய" என்று வருத்தமாகச் சொன்னான். காலை ஒன்பது மணிக்கு வற்றத்தின் அடிமட்டம். வீதி சார்பில் எண்ணுவதற்குக் கொளந்தாயி உள்ளே வந்து நின்றாள். மற்றவர்கள் வாசலில். ருக்குமணி அடுப்படியில் ஜெபஸ்டினுக்கு டீ வைத்துக்கொண்டிருந்தாள்.

அர்த்தநாரி முழங்கைவரை தண்ணீரில் விட்டு ஒவ்வொன்றாக எடுத்து ஈரச் சாக்கில் வைத்தார். "ஒண்ணு," என்றாள் கொளந்தாயி வாசலுக்குக் கேட்கும்படி. "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

அவர் கை வெளியே வரவில்லை. ஆறாவது பாறையின் மேலேயே இருந்தது. அவருக்கே அது தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. கை அங்கே இருந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தார். கொளந்தாயி அவர் கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகம் யாரிடமும் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. அவள் மெல்லத் திரும்பி, ஜன்னல் வழியாகத் தன் மாடுகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு மாடு வைக்கோலை இழுத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டு அடங்கியபிறகுதான் திரும்பினாள்.

மத்தியானம் மூன்றே கால் மணிக்கு ஏற்றத்தின் தலைமட்டம். அமாவாசை அளவுக்கு வரவில்லை. போர்க்குழியில் தண்ணீர் விளிம்புக்கு ஆளுயரம் கீழே நின்றது. ருக்குமணி கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து மூச்சு வாங்கினாள், ஆனால் உதடு நிறம் மாறவில்லை. வீதி முழுக்க வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி மறுபடி கையை விட்டார்.

"ஒண்ணு," என்றாள் கொளந்தாயி. "ரெண்டு. மூணு. நாலு."

தொட்டியில் மணல் மட்டும் இருந்தது. அர்த்தநாரி வெறும் ஈரக்கையோடு நின்றார். கட்டிலிலிருந்து ருக்குமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொளந்தாயி தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக, "அஞ்சு!" என்றாள்.

வாசலில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஜெபஸ்டின் வேனைக் கிளப்பிக்கொண்டு போனான். வண்டியில் எத்தனை கல் எப்போது ஏறியது என்பது அவனுக்குத் தெரியும். அவன் வேறு ஊர்க்காரன், அது அவன் வேலை இல்லை.

வீதியின் தண்ணீர் அதன்பிறகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போரில் அறுபது அடியில் தண்ணீர் நின்றது. மோட்டார் இறக்கினார்கள், நாற்பது வீட்டுக்கும் தாராளமாக இல்லாவிட்டாலும் தாகத்துக்கும் மாட்டுக்கும் வந்தது. இன்னும் கொஞ்சம் மேலே நின்றிருக்கலாம் என்று ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். நீதானே எண்ணினாய், இது நடுவா என்று ஒருவர் கொளந்தாயியைக் கேட்டதற்கு, "பத்துல பாதி அஞ்சுங்க, நான் படிக்காதவ, எனக்கு அவ்வளவுதான் எண்ணத் தெரியும்" என்றாள். வையாபுரி பலகையில் ஏற்ற நேரத்தை அழித்துவிட்டுப் பஜ்ஜி என்று எழுதினான். அரை நாள் உட்கார்ந்து அளந்த நகராட்சிக்காரர் ஒருநாள் வந்து, வெயில் குறைந்துவிட்டதாக எழுதிக்கொண்டு போனார்.

மணலை யாரும் நினைக்கவில்லை. அதுவும் உயிருள்ளதுதான். அர்த்தநாரியின் தொட்டிக்குள் மட்டும் ஒரு நகக்கண் அளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அதைக் கண்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். நாற்பது நாள் முடிந்து, சோதனைக் குழாயில் தண்ணீர் வேண்டிய நிறம் காட்டியதும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு குட்டி மீன்களை விட்டார்கள். அவை ஒளிந்துகொள்ளப் பாறை தேடி, இல்லாததால், மோட்டாருக்குப் பின்னால் குடியேறின. ஆறாவது பாறையைப் பற்றி ருக்குமணி அவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

அவள் எடை நாற்பத்தாறில் வந்து நின்றது. புதனும் நாற்பத்தாறு, வெள்ளியும் நாற்பத்தாறு, இரண்டு நாள் கழித்துப் போனாலும் நாற்பத்தாறு. டாக்டர் தண்ணீரை எடுப்பதை நிறுத்திவிட்டு ரத்தத்தை மட்டும் கழுவச் சொன்னார். வாராவாரம் ரத்தச் சோதனைக் காகிதம் வந்தது. வாராவாரம் அவர் அதை முன்னைவிட அதிக நேரம் பார்த்தார். பங்குனியில் ஒரு புதன்கிழமை, ஏழு மணிக்கு, நஸ்ரின் அவர்களை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினாள். முகத்தில் சிரிக்கலாமா கூடாதா என்ற குழப்பம்.

"ஆன்ட்டி, திங்கட்கிழமை எடுத்த ரத்தத்தில அழுக்கு ஏறவே இல்ல. ரெண்டு தடவை பாத்தாச்சு. டாக்டர் இன்னிக்கு வேண்டாங்கறார். வெள்ளிக்கிழமை வாங்க, பாக்கலாம்."

"வேண்டாம்னா?" என்றார் அர்த்தநாரி. அவருக்குக் கேட்டுவிட்டது, இருந்தாலும் மறுபடி ஒருமுறை கேட்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு, அங்கிள். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

வெளியே வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மணி ஏழே கால். காலை வெயில் எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் மட்டும் விழுந்திருந்தது. இரண்டு வருஷத்தில் இந்த நேரத்தில் இந்தத் தெருவை அவர்கள் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். பூக்காரி ஒருத்தி வாழைநாரை நனைத்துக்கொண்டிருந்தாள். திருச்செங்கோட்டு பஸ் வந்து நின்றது, இருவரும் எழுந்திருக்கவில்லை. அது போயிற்று. இன்னொன்று வந்தது. அதுவும் போயிற்று.

"பதினோரு மணி வரைக்கும் என்னங்க பண்றது?" என்றாள் ருக்குமணி.

அர்த்தநாரி நாலு மாநிலத்தின் வரைபடத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"தெரியலையே, அம்மணி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அடுத்ததாக ஒரு பஸ் புழுதியோடு வந்து நின்றது. எங்கே போகிறது என்று கேட்காமல், முன்பக்கம் பலகையையும் பார்க்காமல், அவள் முதலில் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு, அவருக்காகப் பக்கத்து சீட்டில் பையை வைத்தாள்.